அரை நூல்

பஞ்சிகாவத்தையில் மழை. தகரம் இரைகிறது.
முகத்துவாரத்து ட்ரோலர் ஒன்றின் தண்டு
லேத்தில் சுற்றுகிறது. ஸ்டெயின்லெஸ்.

பயந்து பயந்து
மயிரளவுதான் கொடுத்தேன்.
கூர் கடிக்கவில்லை, தேய்த்தது.
தேய்த்த இடம் கண்ணாடியாய் மினுங்கி
இறுகிப்போயிற்று.
அடுத்த ஓட்டத்தில் கூர்தான் மழுங்கியது.
கிறீச்சென்ற சத்தத்துக்கு
எதிர்க்கடைத் தேத்தண்ணிக்காரன்
பல் கூசி முகம் சுளித்தான்.

இந்த உலோகம் இப்படித்தான்.
தடவினால் பகைக்கும்.

பக்க மேசையில் நிஸ்தார்
முதுகு காட்டி வால்வு தேய்க்கிறான்.
வெசாக்குக்கு முன் அவன் வாங்கிய காசு.
மூன்று வாரமாய் நானும்
மழை, கரண்ட் பில், கிரிக்கெட் என்று
சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன்.

புதுக் கூர் தீட்டினேன்.
வேகம் குறைத்து, எண்ணெய் விட்டு,
அரை நூல் ஆழம்
ஒரே பிடியாய்.
புகைந்தது.
வைக்கோல் மஞ்சளும் நீலமுமாய்ச்
சுருள் இறங்கி வந்து
செருப்பைச் சுட்டது.

மெஷினை நிறுத்தாமலே கேட்டேன்:
"நிஸ்தார், அந்த எண்பதாயிரம்?"

திரும்பினான்.
கையில் வால்வு, விரலெல்லாம் கறுப்புப் பசை.

தண்டு அளவுக்கு வந்துவிட்டது.
தொடத்தான் முடியவில்லை,
சூடு.