இரண்டு புள்ளி மூன்று

தாலுகா ஆபீஸ் பின்புறம், கம்பிவேலிக்குள்
வானத்தைப் பார்த்து வாய் பிளந்த ஒரு புனல்.
காலை எட்டரைக்கு அதன் பூட்டைத் திறப்பது என் வேலை.
உள்ளிருக்கும் பாட்டிலை எடுத்து
அளவுக்குவளையில் கவிழ்த்து
பேரேட்டில் எழுத வேண்டும்:
0.0

ஆனியில் எழுதினேன். ஆடியில் எழுதினேன்.
குற்றாலத்தில் சாரல் என்று
ஊரே வேன் பிடித்துப் போய்
ஈரத்தலையோடு திரும்பிய நாட்களிலும் எழுதினேன்.
மேற்கே மலை தன் மழையைத் தானே குடித்துவிட்டு
ராதாபுரத்துக்கு வெறுங்காற்றை அனுப்பும்.
சோற்றில் மண், கண்ணில் மண்,
பேரேட்டின் மடிப்பில் மண்.
ஆவணியில் புனலுக்குள் ஒரு சிலந்தி வலை கட்டியது.
உடனே கலைக்க வேண்டும் என்பது விதி.
இரண்டு நாள் விட்டுத்தான் கலைத்தேன்.

எட்டே முக்காலுக்குப் போன் வரும்.
சமூகரங்கபுரத்துப் பலவேசம்.
"எம்மா, இன்னைக்கு எவ்வளவு?"
அதே வானத்தை அவரும்தான் பார்க்கிறார்.
"ஒண்ணும் இல்லையே."
"சரி, நாளைக்குக் கேக்கேன்."

புரட்டாசியில் ஒருநாள் சொன்னார்,
புழுதியிலேயே உளுந்து விதைச்சாச்சு என்று.
மூணு ஏக்கர். வட்டிக்கு வாங்கிய விதை.
"மழை?" என்றேன்.
"அதத்தானே தெனமும் உங்கிட்ட கேக்கேன்" என்று சிரித்தார்.

வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது.
இவருக்கு வலக்கையும் காலும் விழுந்து எட்டு மாதம்.
வள்ளியூரிலிருந்து வாரம் இருமுறை வருகிற பிசியோ பெண்
கையைத் தூக்கச் சொல்லி, விரலை மடக்கச் சொல்லி
கட்டத்தில் எழுதிவிட்டுப் போவாள்.
நான் எட்டிப் பார்ப்பதில்லை.
எனக்குத் தெரியாத எண்ணா அது.
போன செவ்வாய் சுண்டுவிரல் துடித்தது.
நான் பார்த்தேன், இவரும் பார்த்தார்.
"இத எழுத இதுல எடம் இல்லக்கா" என்றாள் அவள்,
பேனாவை மூடிக்கொண்டே.

ஐப்பசி நாலு.
பஸ்ஸில் வரும்போது கவனித்தேன்.
பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகள்
நாலு மாதமாய் மேற்கைப் பார்த்த முகத்தை
ஒன்றுபோலக் கிழக்கே திருப்பியிருந்தன,
சப்பரம் வருகிற தெருப்பக்கம்
ஜனம் திரும்புவதுபோல.
யாரிடமும் சொல்லவில்லை.
போன ஐப்பசியும் இப்படித்தான் திரும்பியது.

அன்று ராத்திரி ரெண்டு மணி.
தகரக்கூரையில் முதலில் கடுகு வெடித்ததுபோல.
பிறகு கடுகு இல்லை.
துணி எடுக்க ஓடினேன். கொடியில் துணியே இல்லை.
வெறுங்கொடிக்குக் கீழே
சும்மா நின்றுகொண்டிருந்தேன்.
உள்ளேயிருந்து இவர்
கோணிய வாயால் "ஜன்னல்" என்றார்.
சாத்தச் சொல்கிறார் என்று போனேன்.
திறக்கச் சொல்லியிருக்கிறார்.

காலையில் புனலின் விளிம்பில் ஓர் ஈசல் இறகு.
குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.
கை நடுங்க, தண்ணீரும் நடுங்கியது.
அது அடங்கும்வரை காத்திருந்து படித்தேன்:
2.3

இரண்டரை இருந்தால்தான் கணக்கில் அது மழைநாள்.
ஒரு கரண்டித் தண்ணீர் போதும், ஆகிவிடும்.
குடிதண்ணீர்க் குடம் பக்கத்தில்தான் இருந்தது.
அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
2.3 என்றே எழுதினேன்.
மழைநாள் கட்டத்தில் ஒரு கோடு.

எட்டே முக்கால். போன் வரவில்லை.
ஒன்பது.
ஒன்பதரைக்கு நானே அடித்தேன்.
செல்லக்கனி எடுத்தாள்.
"அவிய போன வச்சிட்டு
விடியக்காலமே விளைக்குப் போயிட்டாவ.
என்ன சொல்லணும்?"
"ரெண்டு புள்ளி மூணுன்னு சொல்லுங்க."
"அப்படின்னா நெறையவா?"

குவளையை இன்னும் கழுவவில்லை.
அடியில் செம்மண் நிறத்தில் ஒரு துளி.

"நெறைய இல்ல" என்றேன்.
"நாளைக்குக் கேக்கச் சொல்லுங்க."