உள்ளே என்ன

வாளையார் செக்போஸ்டில் பஸ் நின்றது.
மடியில் ரெக்சின் பை. பைக்குள் பதினோரு டேப்.
"எந்தா இது?" என்றார் காக்கிச்சட்டை.
டேப் என்றேன்.
"பாட்டோ?"
இல்லை, கம்ப்யூட்டர்.
"உள்ளில் எந்தா?"
அதைப் பார்க்கத்தான் போகிறேன்.
அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

நவக்கரை மில்லில் வெள்ளிதோறும் இரவு ஒன்பதுக்கு
சர்வர் தன்னைத் தானே டேப்பில் எழுதிக்கொள்ளும்,
பூட் பிளாக் முதல் கூலிப் பட்டியல் வரை.
முடிந்ததும் ஒரு பூஜ்யம் தரும்.
யூனிக்ஸ் ஊரில் பூஜ்யம் வாங்கினால் பாஸ்.
நான்கு வருடப் பூஜ்யங்களை லெட்ஜரில் ஏற்றி
ஒவ்வொன்றின் கீழும் இனிஷியல் போட்டவன் நான்.

ஆடிட்டுக்கு வந்த விலாசினிதான் கேட்டாள்:
"எழுதினது சரி. யாராவது வாசிச்சீங்களா?"
வாசித்தோம், அதே டிரைவில்.
கோப்புப் பெயர்கள் சரசரவென ஓடின.
"எழுதினவனே திருத்தின பரீட்சைப் பேப்பர் இது.
கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டு போங்க."

கஞ்சிக்கோடு யூனிட்.
அதே மாடல் மெஷின், காலி டிஸ்க்.
கணவாய்க் காற்றில் ஷட்டர் கடகடக்கிறது.
முதல் டேப் உறுமியது, பின்னால் ஓடியது, வெளியே வந்தது.
இரண்டாவது.
கிளீனிங் டேப் போட்டு மறுபடி இரண்டாவது.
ஏழாவதில் புரிந்தது:
ரிப்பேருக்குப் போய் வந்ததிலிருந்து
எங்கள் டிரைவின் தலை ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது.
சாய்வாகவே எழுதி, சாய்வாகவே வாசித்து,
தனக்குத் தானே பூஜ்யம் போட்டுக்கொண்டு.
கட்டன் சாயா குடித்தேன். எட்டு, ஒன்பது, பத்து.

பையின் அடியில் பதினோராவது.
சிவப்பு மையில் என் கையெழுத்து: சந்தேகம், போட வேண்டாம்.
டிரைவ் இல்லாத வாரத்தில்
இங்கிருந்து இரவல் வாங்கிய டிரைவில் எழுதியது.
போட்டேன்.
நாற்பது நிமிடம். பச்சை விளக்கு அணையவில்லை.
லாகின் கேட்டது.

மே பதினைந்து, இரவு ஒன்பது மணி மில்
கேரளத்தில் கண் திறந்தது.
ஜூனில் கணக்கு முடித்து அனுப்பிய முப்பத்தாறு பேரும்
இரண்டாம் ஷிப்டில் நின்றார்கள்.
டோக்கன் 412, ரிங் ஃபிரேம், தெய்வானை:
லீவு பாக்கி ஒன்பது நாள்.

விலாசினிக்குப் போன் செய்தேன். "பதினொன்றில் ஒன்று."
"எது?"
"போட வேண்டாம்னு நான் எழுதினது."
அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம்.

திரும்பும்போது க.க.சாவடி. நம்மூர்க் காக்கி.
"பையில என்னய்யா?"
பத்தில் ஒன்றுமில்லை,
ஒன்றில் ஆள் இருக்கு என்றேன்.
இறங்கச் சொன்னார்.