தயக்க இழப்பு

கோஷித்சேயில் இன்று மைனஸ் பதினாறு.
பாலத்தடியில் ஹோர்னாத் ஆறு உறைந்து கிடக்கிறது.
சோதனைக்கூடத்தில் இரவுப் பணிக்கு
நானும் உலையும்.

தட்டில் ஏழு வளையங்கள்.
கல்யாண மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியவை,
அதைவிட மலிவானவை.
உருகிய இரும்பின்மேல் தண்ணீர் பீய்ச்ச
தெறித்து உறைந்த தூள்.
துகள் துகளைத் தொட்டுவிடாதபடி
ஒவ்வொன்றுக்கும்
பாஸ்பேட்டில் ஒரு சட்டை.

பகலில் வெந்தெலீன் அச்சில் இட்டு அழுத்துவான்.
எண்ணூறு மெகாபாஸ்கல்.
அறுநூறில் நிறுத்தினால் உள்ளே வெற்றிடம் மிஞ்சும்,
காந்தப்புலம் அங்கெல்லாம் மூச்சு வாங்கும்.
ஆயிரத்துக்கு ஏற்றினால்
அச்சிலிருந்து வெளியே தள்ளும்போது
பக்கவாட்டில் தோல் உரியும், சட்டை கிழியும்.

நசுங்கியதை இரும்பு மறப்பதில்லை.
புலம் திசை மாறும்போதெல்லாம்
கூடவே மாற மனமில்லாமல்
ஒரு கணம் பின்தங்கும்.
தயக்கம் என்றுதான் அதற்குப் பாடப்புத்தகத்திலும் பெயர்.
ஒவ்வொரு தயக்கத்துக்கும்
கொஞ்சம் சூடு செலவு.

அதற்காகத்தான் சுடுவது.
முதலில் நிதானமாக, மசகு ஆவியாகிப் போகட்டும்;
அவசரப்பட்டால் கொப்புளம் வைக்கும்.
பிறகு நைட்ரஜனுக்குள் ஐந்நூறு பாகை, அரை மணி நேரம்.
இரும்பு தன்னைத்தானே தளர்த்திக்கொள்ளும்.
ஐந்நூற்று இருபது இன்னும் நல்லது.
ஐந்நூற்று முப்பதில்
இதுவரை எங்களுக்கு வாய்த்ததிலேயே குறைந்த இழப்பு.
இன்னும் பத்து ஏற்றினால் என்ன என்ற ஆசை
அங்கேதான் பிடிக்கும்.

வீட்டில் எனக்கும் ப்லாஹோவுக்கும் நடுவே
பன்னிரண்டு மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை.
விவாகரத்து முடிந்தது, வங்கிக்கடன் முடியவில்லை.
எட்டாவது மாடி, ஒரே சமையலறை,
முறைவைத்துக் கொதிக்கும் கெட்டில்.
டிராம் ஓட்டுகிறான். மூன்றரைக்கு எழுவான்.
பலகைக்கு அந்தப் பக்கம் அவன் தும்மினால்
இந்தப் பக்கம் நான் ஒன்றும் சொல்வதில்லை.

இதை ஒருநாள் வெந்தெலீனிடம் உளறினேன்.
'உவமைக்கு மின்தடை கிடையாது, ட்ரஹோமீரா,
எல்லாம் எல்லாவற்றுக்குள்ளும் பாய்ந்துவிடும்.
தட்டைக் கொண்டுபோ' என்றான்.

இன்று தெர்மோகப்பிள் பொய் சொன்னது.
திரையில் ஐந்நூற்று முப்பது, சாதுவாக.
இரண்டு மணிக்குத் தட்டை இழுத்தபோது
வளையங்கள் கருநீலம்.
மாற்று தெர்மோகப்பிளை நுழைத்துப் பார்த்தேன்:
ஐந்நூற்று எண்பத்து மூன்று.

ஒரு வளையம் ஆறட்டும் என்று காத்திருந்து
செம்புக் கம்பி சுற்றினேன், கையால்,
எண்ணிக்கை இருமுறை தப்பியது.
ஐம்பது ஹெர்ட்ஸில் அருமை. தயக்கம் அனேகமாக இல்லை.
சொன்னதும் திரும்புகிறது, சொன்ன பக்கம் சாய்கிறது.
சந்தோஷப்பட்டேன், மூன்று நிமிடம் இருக்கும்.

ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற
திரையில் வரைகோடு தொப்பை போட்டது.
சட்டை போய்விட்டிருக்கிறது.
துகள் துகளோடு ஒட்டி,
துகளுக்குள் அடங்கியிருந்த சுழல்மின்னோட்டம்
வளையத்தின் குறுக்கே முழுசாய்ச் சுழிக்கிறது.
தயக்கம் போனது தடுப்பையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறது.

கையில் எடுத்தேன். வெதுவெதுப்பு.
ஏட்டில் வீண் என்று ஏறப்போகும் வெப்பம்.
ஹீட்டர் சரியில்லாத அறையில்
என் விரல்களுக்கு அது வீணாகத் தெரியவில்லை.
இருந்தாலும் வீண் என்றே எழுதினேன்,
ஏழுக்கும் தனித்தனியாக,
எண்பத்து மூன்றையும் மறைக்காமல்.

ஐந்து ஐந்துக்கு டிராம்.
ஏறிய பிறகுதான் பார்த்தேன், ஓட்டுவது அவன்.
இறங்கவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்தேன்,
ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால்.
கோட்டுப் பையில் வளையம் சில்லிட்டுக்கொண்டிருந்தது.

ரயில்நிலையம் தாண்டியதும் தும்மினான்.
'நல்லாயிரு' என்று வாய் முந்திக்கொண்டது.

கேட்டதா தெரியாது.
மணியடித்தான்.
அந்தத் திருப்பத்தில்
எப்படியும் அடிக்க வேண்டிய மணி அது.