எல்லாவற்றையும் மறு

க்ளாக்ஸ்விக் நகராட்சியின் நிலவறையில்
ஒரே ஓர் இரும்புப் பெட்டி.
அதற்குள் பதினேழு சர்வர்கள் குடியிருக்கின்றன.
மீன் ஏலம், பள்ளி வருகைப்பதிவு, சம்பளம்,
படகுத்துறை விளக்கு, நூலகம்,
பனி அள்ளும் வண்டியின் வழித்தடம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரே நினைப்பு:
இந்த நினைவகம் முழுக்கத் தனக்கு,
இந்த மின்விசிறி சுழல்வது தனக்காக.
அந்தப் பொய் கலையாமல் பார்த்துக்கொள்ள
எனக்கு மாதச் சம்பளம்.

முன்பிருந்த ஹெரால்வூர்
மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை விட்டுப்போயிருந்தார்.
எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட்:
அவர் நாயின் பெயர், பின்னால் ஓர் ஒன்று.
நாய் செத்து ஆறு வருடமாம்.
வந்த வாரம் முழுக்க
அதைப் புதைத்துக்கொண்டிருந்தேன்,
பதினேழு முறை.

பிறகுதான் லாகைத் திறந்தேன்.
இருபத்திரண்டாம் போர்ட்டை
விடிய விடிய யாரோ தட்டியிருக்கிறார்கள்.
ரூட் என்கிறது ஒரு குரல், அட்மின் என்கிறது ஒன்று,
டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட்,
நாலாயிரத்துக்கு நடுவே ஒரே ஒருமுறை
மரியா.
பகை இல்லை அந்தத் தட்டலில்.
மழைக்கு நம்மீது என்ன கோபம்,
ஓட்டை எங்கே என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

பதினேழாவதற்குப் பெயரில்லை.
ஒன்பது வருடமாக அணையாமல் ஓடுகிறது,
ஒரு புதுப்பிப்பும் தொடாத உடம்பு.
யாருடையது என்றேன்.
கணக்குப் பிரிவு கைவிரித்தது,
பொறியாளர்கள் கணக்குப் பிரிவைக் காட்டினார்கள்.
நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டால்
உரியவர் கத்துவார்.
எங்கள் தொழிலில் இதற்கு விசாரணை என்று பெயர்.
கழற்றினேன்.
ஒரு நாள். இரண்டு நாள்.
மூன்றாம் நாள் காலை நீச்சல் குளத்திலிருந்து சோல்வா:
“பிள்ளைங்க உதடெல்லாம் நீலமாயிடுச்சு.
தண்ணி சூடாகவே மாட்டேங்குது.
நீ எதையாவது தொட்டியா?”
இல்லையே என்றேன்.
இது மட்டும் எந்த லாகிலும் இல்லை.

திரும்ப மாட்டிவிட்டேன். ஆனால்
அப்படியே அம்மணமாக விடவும் மனமில்லை.
அன்றிரவு கடலுக்கு இந்தப் பக்கம், லெய்ர்விக்கில்,
சமையலறை மேசையில் மடிக்கணினி,
அடுப்பில் உருளைக்கிழங்கு,
பெட்டி முழுவதற்கும் சுவர் எழுப்ப உட்கார்ந்தேன்.
முதல் விதி: எல்லாவற்றையும் மறு.
இரண்டாம் விதி: என்னை அனுமதி.
முதலாவதை எழுதி என்டரைத் தட்டினேன்.
இரண்டாவதை எழுத
எனக்கு அனுமதி இல்லை.

கர்சர் அப்படியே நின்றது.
நல்ல சுவர்.
என் கையால் கட்டியது,
என்னையும் பார்த்துவிட்டு
யார் நீ என்றுகூடக் கேட்கவில்லை.

பதினொன்றரைக்குக் காரை எடுத்தேன்.
கடலுக்கடியில் ஆறு கிலோமீட்டர் சுரங்கம்.
யோசித்தால் எங்கள் நாடும் அந்தப் பெட்டிதான்.
அடியில் ஒரே பாறை,
மேலே பதினெட்டுத் தனிமைகள்,
தன் மழை தனக்கு மட்டும் என்று ஒவ்வொரு தீவும்.
நடுவில் அளந்து திறந்த சில துளைகள்.
நுழைகிற வண்டியின் எண்ணை
ஒரு கேமரா குறித்துக்கொள்கிறது,
கட்டணம் பிறகு வரும்.
மூடத்தனத்துக்குத் தள்ளுபடி கிடையாது.

நிலவறைக்குப் பித்தளைச் சாவி.
குளிர்ந்த தரையில் மண்டியிட்டு
விசைப்பலகையை நேராகச் செருகி
என்னை அனுமதித்தேன்.
ஏலத்துக்குத் துறைமுகத்தை நோக்கி ஒரு சன்னல்,
பள்ளிக்கு ஒன்று,
சம்பளத்துக்கு எதுவுமில்லை, அது பேசவேண்டியதெல்லாம் உள்ளேயே.
பதினேழாவதற்குப் பெயர் வைத்தேன்: வெந்நீர்.
ஒரே கதவு, சோல்வாவின் மேசையை மட்டும் பார்த்து.
பேக்கப் எடுத்தேன்.
எடுத்ததை வேறோர் இடத்தில் எழுப்பியும் பார்த்தேன்.
எழாத பேக்கப் வெறும் நம்பிக்கை,
எனக்கு அது போதாது.

கிளம்பும்போது மணி இரண்டு.
தட்டல் நின்றிருக்கவில்லை,
பதில்தான் நின்றிருந்தது.
மரியா மறுபடி வரவில்லை.

எல்லாவற்றையும் பூட்டியாயிற்று என்ற நிம்மதியில்
சுரங்கத்தின் நட்டநடுவே,
தலைக்கு மேல் மொத்தக் கடலும் இருக்க,
ஞாபகம் வந்தது
உருளைக்கிழங்கு.