முப்பத்தொன்றாவது நிமிடம்

ஏழாம் பாகத்துக்குத் தமிழ் வரி போடுகிறேன்.
வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து, திரைக்கு இரண்டு வரி,
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

கதை இதுதான்: ஒருவன் தும்மினால் உலகம் மாறிவிடும்.
தும்முமுன் மஞ்சள் சுவர், தும்மியபின் பச்சை.
முன்பு நாய், பின்பு அதே பெயரில் பூனை.
ஆறு பாகமாய்த் தும்முகிறான்.
ஒரு உலகத்திலும் ஒருத்தரும்
"நூறு" என்று சொல்லவில்லை.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில்
தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.
திறக்கிறவள் அவன் மனைவி. இங்கே
பல் டாக்டர், யாரையும் கட்டாதவள்,
ஒரு கையில் மட்டும் உறை.
அவன் சொல்வது சின்ன வாக்கியம்:
மகள் ஒருத்தி இருந்தாள் என்று.
யாருக்கு?
அவர்கள் மொழியில் அதற்கு ஒரே சொல்.
கேட்கிறவளை உள்ளே வைத்தும் பூட்டும்,
வெளியே நிறுத்தியும் பூட்டும்.

"நமக்கு" என்று அடித்தேன்.
பல் டாக்டர் வாசலில் நின்றபடியே
தாயாகிவிட்டாள், பெற்ற நினைவில்லாமல்.
அழித்தேன்.
"எங்களுக்கு" என்று அடித்தேன்.
கதவு அவள் முகத்தில் சாத்திக்கொண்டது:
அவள் மூக்கும் அவள் குரலும் உள்ள எவளோடோ
இவன் வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறான்.
எழுத்துக் கணக்குக்கு
இரண்டுமே பொருந்துகிறது. அதுதான் தொல்லை.

இடுப்பு பிடித்துக்கொண்டது. வெளியே போனேன்.
மண்டபத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் தென்கடல்,
கச்சான் பிடித்து
வத்தையைத் தூக்கி வத்தையில் அடிக்கிறது.
ரோட்டையும் தண்டவாளத்தையும் தாண்டினால் வடகடல்,
ஆறிய கஞ்சிமேல் ஆடை.
அடியில் நண்டு நடந்தால் தெரிகிறது.
அதே பதினொரு மணி, அதே வெயில்.
இதற்குத் தும்மக்கூட வேண்டியதில்லை.
கைபேசி அதிர்ந்தது:
இலங்கைக்கு நல்வரவு, நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணம்.
நான் நின்றது பரோட்டாக் கடை வாசலில்.

அங்கேதான் இன்னாசியைப் பார்த்தேன்.
இல்லை, அவன்தான் தேடி வந்திருந்தான்,
தொண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி.
ரேஷன் கார்டிலிருந்து அவன் பேரை எடுக்க
என் கையெழுத்து வேண்டுமாம்.
கோர்ட்டுத் தீர்ப்பு போதாதா என்று கேட்டேன்.
போதாது என்றான், தாலுகா ஆபீசில் வேறு சட்டம்.
எழுத இடமில்லை. திரும்பி நின்று
முதுகைக் காட்டினான், பலகை மாதிரி.
சட்டைத் துணிக்கு அடியில் எலும்பு
பழைய இடத்திலேயே இருந்தது.

"எங்களுக்குப் பையன் பிறந்திருக்கு" என்றான்,
அந்தப் பக்கம் பார்த்தபடி.
ஒரு பிழை இல்லை. இலக்கணம் சுத்தம்.
சந்தோஷம் என்றேன், அதுவும் சுத்தம்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே
"நம்ம நண்டு வலை பரண்லதானே கிடக்கு?" என்றான்.
நம்ம.
கிடக்கு, எடுத்துட்டுப் போ என்றேன்.
இப்ப வேண்டாம், பஸ்ல ஏத்த மாட்டான் என்றான்.
மூன்று வருஷமாக ஏற்றமாட்டான் அந்தப் பஸ்காரன்.

கருவாட்டு லாரி ஒன்று தூசி கிளப்பிப் போனது.
இன்னாசி தும்மினான்.
"நூறு" என்றேன். வாய்ப்பழக்கம்.
நிமிர்ந்து பார்த்தான்,
முதலில் என்னை, பிறகு இரண்டு கடலையும்,
எதில் இருக்கிறோம் என்று தெரியாதவன் மாதிரி.
பிறகு பாம்பன் பஸ் வந்தது. அது அவன் பஸ் இல்லை.
இருந்தும் கையைக் காட்டி ஏறிவிட்டான்.

வீட்டுக்கு வந்து
அந்த வரியில் இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டேன்.
"ஒரு மகள் இருந்தாள்."
தமிழ் இதற்கு இடம் கொடுக்கும்.
யார் மடியில் என்று சொல்லாமலே
ஒரு பிள்ளையை நிற்கவைக்கும்.

சாயங்காலம் சென்னையிலிருந்து பதில்,
சரிபார்க்கிறவர் அந்த வரிக்கு நேரே
சிவப்பில் ஒரே சொல் எழுதியிருந்தார்:
யாருக்கு?