தலையணை உறைகளைத் திருப்பிப் போடவும்

ஃபாரோ தீவுகளில், கிளாக்ஸ்விக் துறைமுகத்தின் பின்சந்தில்
ரன்வோவின் சலவைக்கடை.
கதவில் ஓர் அட்டை:
"தலையணை உறைகளை உட்புறம் வெளியே தெரியத்
திருப்பிப் போட்டுத் தரவும்.
கனவு கிழிந்தால் கடை பொறுப்பல்ல."

டிசம்பரில் இங்கே பத்து மணிக்குத்தான் விடிகிறது.
விடியற்காலைக் கனவு பலிக்கும் என்றால்
காலையுணவை முடித்து, பேருந்தைத் தவறவிட்டு,
தபால் நிலைய வரிசையில் நின்றபடி
தூங்கி விழுகிறவனுக்கு வருவதும்
அந்தக் கணக்கில்தானே சேரும்?
ரன்வோவிடம் கேட்டேன்.
"முதலில் அந்தக் காலுறைகளுக்கு ஜோடி தேடு" என்றாள்.

கனவுகள் உறையின் மூலைகளில் தங்கும்,
சட்டைப்பையில் மறந்த சில்லறை போல.
பறக்கும் கனவுக்குப் பஞ்சின் எடை.
பல் விழும் கனவு கிலுகிலுக்கும்,
வலைப்பையில் போட்டுத்தான் துவைக்க வேண்டும்.
வெந்நீர் ஆகவே ஆகாது. சாயம் போய்விடும்.
பிறகு கண்டவர் வந்து
சாம்பல் கடலில் சாம்பல் படகு என்று புலம்புவார்.
அதற்குத் தூங்க வேண்டுமா என்ன,
ஜன்னலே போதும்.

கெட்ட கனவுக்குக் கஞ்சி போடக் கூடாது,
விறைத்துக்கொண்டு நிற்கும்.
பாதிரியாரின் உறையில் எப்போதும் மாவு.
ராத்திரி முழுக்க யாருக்கும் தெரியாமல்
கேக் கடை நடத்துகிறார் மனுஷர்.
உதறி, மடித்து,
ஒன்றும் அறியாத முகத்தோடு கொடுத்துவிடுவோம்.

தவறு என்னுடையதுதான்.
புயலன்று மின்சாரம் போய்ப் போய் வந்தபோது
இரண்டு நீலக்கோட்டு உறைகளை
மாற்றி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, இருட்டோடு
ஹோக்னி வந்தார். நாற்பது வருடம் வலை இழுத்த கை.
கதவை உடைப்பதுபோல் திறந்தவர்
தொப்பியைக் கழற்றிக் குரலைத் தாழ்த்தினார்.
"தினமும் பள்ளிக்கூடம் போகிறேன்.
சிவப்புக் காலணி. இரட்டைப் பின்னல்.
ஏழாம் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொள்கிறேன்.
பக்கத்து பெஞ்சு மர்யுன் காதுக்குள் சொல்லித் தருகிறாள்."

ரன்வோ என்னைப் பார்த்த பார்வையில்
ஒரு வாளி ஈரத்துணி காய்ந்திருக்கும்.

அவர் காப்பியை முடிக்கவில்லை, பிரிதா வந்துவிட்டாள்.
ஒன்பது வயது. அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு.
"ராத்திரியெல்லாம் வலை இழுத்துக் கை கடுக்கிறது.
அலை இவ்வளவு உயரம். எனக்குப் பயமே இல்லை.
ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி
எப்பவும் காலி.
எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறார்கள்.
நேற்று நான் போய் உட்கார்ந்துவிட்டேன்."

துவைக்கும் இயந்திரம் ஒரு சுற்று ஓடி நின்றது.
"திட்டினார்களா?" என்றார் ஹோக்னி, தொப்பியிடம்.

"இல்லையே. சமையற்காரர் சூப் கொண்டுவந்து வைத்தார்.
உப்பு கொஞ்சம் கூட."

"ஆமாம்," என்றார், "அவன் அப்படித்தான் போடுவான்."

உறைகள் இரண்டும் மேசைமேல், மடித்து, ரசீதோடு.
எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் ரன்வோ.
யாரும் கை நீட்டவில்லை.
பிரிதா அம்மாவைப் பார்த்தாள், அம்மா கூரையைப் பார்த்தாள்.
கடைசியில் அவர்தான்:
"திங்கட்கிழமை எட்டாம் வாய்ப்பாடு.
அது முடியட்டும்."

பேரேட்டில் ரன்வோ எழுதினாள்:
மாற்று. இரு தரப்பும் சம்மதம். கட்டணம் இல்லை.
கொஞ்சம் யோசித்துக்
காப்பிக்கு மட்டும் காசு வாங்கினாள்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. அப்போதுதான்
மலைக்குப் பின்னால் லேசாக வெளுத்தது.
ஒற்றைக் காலுறை ஒன்றைப் பிடித்தபடி
நான் இன்னும்
தேடிக்கொண்டிருந்தேன்.