எட்டு டிகிரி

வடகாற்று மூன்றாம் நாளாக அடிக்கிறது.
பராகுவேயின் சாக்கோவில் செப்டம்பர் என்றால் இதுதான்,
வானத்துக்கும் மண்ணுக்கும் ஒரே நிறம்,
பல்லிடுக்கில் நறநறப்பு.
கடலை ஆலையின் பின்முற்றத்தில்
ஸ்கிட் ஸ்டீயர் லோடர் பதினோரு மணிக்கு அலறுகிறது.
சிவப்பு விளக்கு. நூற்றியெட்டு.
பிறகு தானே அணைந்துகொள்கிறது,
வாளியில் பாதித் தொலி மேலே தூக்கியபடி.

"விரட்டி ஓட்டினால் வேறென்ன ஆகும்" என்கிறார்
கொர்னேலியஸ் ஃபுங்க்,
எவரிஸ்தோவின் காதில் விழட்டும் என்றே.
அரை நாள் கூலி பிடித்தாயிற்று.
எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றினான்,
உள்ளே பார்த்தான், திரும்ப வைத்துக்கொண்டான்.

பழுது பார்ப்பவள் நான்.
சூடான இஞ்சினின் மூடியை உடனே திறக்கக் கூடாது,
அதற்குச் சாட்சி என் முன்கைத் தழும்பு.
ஆறும்வரை காத்திருந்தேன்.
கூலன்ட் கழுத்துவரை நிற்கிறது,
பச்சையாய், அசட்டுத் தித்திப்பு வாசனையோடு.
மூடியில்லாமல் ஓட்டிப் பார்த்தேன்: குமிழி இல்லை.
அப்படியென்றால் ஹெட் காஸ்கெட் பிழைத்தது,
நானும் பிழைத்தேன்.

முள் பொய் சொல்கிறதோ என்று
புது சென்சார் மாட்டினேன்.
அதுவும் அதையே சொன்னது.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்
பால் காய்ச்சும் பாத்திரத்தில் கொதிக்கவிட்டேன்.
எண்பத்திரண்டில் சோம்பலாக வாய் திறந்தது.
குற்றமில்லை. பாத்திரம்தான் கெட்டது.
பெல்ட் இறுக்கம். பம்ப் கசியவில்லை. விசிறி சுழல்கிறது.

மறுநாள் மறுபடி அலறியபோது
வெப்பமானியைக் குழாய்களின் மேல் குறிவைத்தேன்.
மேல் குழாய் நூற்றியாறு.
கீழ்க் குழாய் தொண்ணூற்றெட்டு.
ரேடியேட்டருக்குள் போய் வந்த நீர்
எட்டே டிகிரியைத்தான் இறக்கி வைத்திருக்கிறது.
நீர் ஓடுகிறது; சூடு இறங்க இடமில்லை.

"ரேடியேட்டர் சுத்தம்" என்றேன்.
"தினமும் மாலை நானே பீய்ச்சிக் கழுவுகிறேன்."
எவரிஸ்தோ ஒன்றும் சொல்லவில்லை.
பொழுது சாய்ந்ததும்
ஆர்மடில்லோ வேட்டைக்குப் போகும் தன் நெற்றிவிளக்கை
ரேடியேட்டரின் பின்பக்கம் செருகி எரியவிட்டு
"இந்தப் பக்கம் வா, அகனேத்தா" என்றான்.

முன்னால் நின்றேன்.
ஓரத்தில் விரலளவு வெளிச்சம்.
மற்றதெல்லாம் இருட்டு.

ஆயில் கூலரின் நான்கு போல்ட்டையும் கழற்றி
மேலே சாய்த்தோம்.
இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்கே படாத இடுக்கில்,
கம்பளி போல ஒரு படலம்:
கடலையின் மெல்லிய சிவப்புத் தோல்,
வடகாற்றின் மண்,
இவற்றைக் குழைத்துப் பிசைந்து
அடித்து அடித்து உள்ளே திணித்த நீர்.
என் நீர்.
ஒவ்வொரு மாலையும், வெளியிலிருந்து,
முழு அழுத்தத்தில்.

கையால் உரித்தேன்.
ரேடியேட்டரின் வரிகள் பதிந்து ஒரே துண்டாக வந்தது.
பட்டறை வாசலில் போட்டதும்
ஃபுங்க்கின் கோழிகள் ஓடிவந்து கொத்தின.

அவரிடம் போய்ச் சொன்னேன்:
ஓட்டியவன் அல்ல, கழுவியவள்.
கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்
"சரி, இப்போது ஓடுகிறதா" என்றார்.
ஓடுகிறது என்றேன்.
"அப்புறம் என்ன?"

இன்று நிழலிலேயே நாற்பத்தொன்று.
லோடர் காலையிலிருந்து தொலி அள்ளுகிறது.
மதியம் தெரெரே குவளை கைமாறும் நேரத்தில்
பட்டறைக் கதவில் சாக்பீஸால் குறித்தேன்:
மேல் 89. கீழ் 70.
எவரிஸ்தோ ஒரு வாய் உறிஞ்சிவிட்டு
குவளையை என்னிடம் நீட்டினான்,
சாக்பீஸை வாங்கிக்கொண்டான்,
அதற்குக் கீழே எழுதினான்:
பாக்கி, அரை நாள்.